ஈசிஜியோடு கதை பொருந்தாத நெஞ்சுவலி: காஷுவாலிட்டிக்கு ஒரு முழு வழிகாட்டி

நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு நம் ஊர் காஷுவாலிட்டிகளில் பெரும்பாலும் இரண்டே வழிதான். ஈசிஜியில் எஸ்டி (மாரடைப்பில் மேலேறும் கோட்டுப் பகுதி) ஏறியிருந்தால் லோடிங் டோஸ் (முதலில் மொத்தமாகக் கொடுக்கும் மாத்திரைகள்), ஸ்ட்ரெப்டோகைனேஸ் (ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து), ஐசியூ. ஏறவில்லை என்றால் ஒரு பான்டோப்ரசோல் ஊசி, "கேஸ்தான், காரத்தைக் குறைச்சுக்கோங்க" என்று ஓர் அறிவுரை, அப்புறம் வீடு. நிறையப் பேருக்கு இது சரியாகவே அமைந்துவிடுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டிலும் சேராத ஒருவர் வரும்போது, கை பழகிய வேகத்தில் அவரையும் ஏதோ ஒரு பக்கம் தள்ளிவிடுகிறோம். பெருந்தமனி கிழிந்தவருக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏறுகிறது. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்தவர் ஆன்டாசிட் பாட்டிலோடு பஸ் ஏறுகிறார்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஹவுஸ் சர்ஜனாக இருப்பவர்கள், பாலக்கோடு, பென்னாகரம், அரூர், தேன்கனிக்கோட்டை போன்ற இடங்களில் இரவு டூட்டி பார்க்கும் டாக்டர்கள், அவர்களோடு நிற்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். மருத்துவத்துறையில் இல்லாதவர் படித்தால் ஒரே விஷயம் போதும்: நெஞ்சுவலி வந்தால் இதை வைத்துக் காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

அரிதான நோய்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதால் பெரிய பலன் இல்லை. இரவு இரண்டு மணிக்கு அந்தப் பட்டியல் நினைவுக்கு வராது. நோயாளி சொல்லும் கதை, உடம்பு காட்டுவது, ஈசிஜி சொல்வது, இந்த மூன்றும் ஒரே திசையில் நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஒன்று மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றால், நோய் அங்கேதான் இருக்கிறது.

படி 1: முதல் பத்து நிமிடம்

பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், செய்தும் விடுகிறோம். விட்டுப்போவது இரண்டு கையிலும் பிபி பார்ப்பது. வலது கையில் பார்த்த நர்ஸிடம் "சிஸ்டர், இடது கையிலயும் ஒருதடவை பார்த்துடுங்க" என்று சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. மேல் அளவு இரண்டு கைக்கும் நடுவில் 20-க்கு மேல் வித்தியாசப்பட்டால் அது பெருந்தமனிக் கிழிசலுக்கான முக்கியமான தடயம். இளம்பெண் ஒருவருக்கு ஒரு கையில் நாடியே கிடைக்கவில்லை என்றால் டகயாசு ஆர்ட்டரைட்டிஸை (பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் அழற்சியை) நினைக்க வேண்டும். பெரும்பாலும் இளம் பெண்களைத் தாக்கும் நோய் அது. அந்தக் கையில் பிபி குறைவாகக் காட்டுவதைப் பார்த்து ஷாக் என்று நினைத்துக் குழம்பக்கூடாது.

மூச்சை எண்ணுங்கள். கேஸ் ஷீட்டில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. உண்மையில் எண்ணினால் 32 இருக்கும். நெஞ்சு எக்ஸ்ரே தெளிவாக இருக்க, ஆக்சிஜன் அளவு 90, மூச்சு 32 என்று ஒருவர் படுத்திருந்தால், அது கேஸ் தொல்லையாக இருக்க வழியே இல்லை.

சட்டையைக் கழற்றிப் பாருங்கள். பெண்களுக்குத் திரை போட்டு, நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்காத நெஞ்சு, புடைத்த கழுத்து நரம்பு, தொட்டால் நறநறவென்று காற்று நகரும் தோல், விலாவை ஒட்டி ஒரே பட்டையாக வரும் அக்கிக் கொப்புளம், ஒரு பக்கம் மட்டும் வீங்கிய கால் ஆகியவை எல்லாம் துணிக்குள்தான் இருக்கும். அக்கியில் வலி முதலில் வந்து கொப்புளம் சில நாள் கழித்தும் வரலாம். சட்டை உரசினாலே எரிகிறது என்பவரை மூன்று நாளில் மறுபடி வரச் சொல்லுங்கள்.

அவர் எப்படி இருக்கிறார் என்பதும் ஒரு தகவல். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் நிம்மதி என்பவருக்குப் பெரிகார்டைட்டிஸ் (இதய உறை அழற்சி) இருக்கலாம். புரண்டு புரண்டு துடிப்பவரிடம் பெருந்தமனியும் கணையமும் நினைவுக்கு வர வேண்டும். அசையவே பயந்து கட்டைபோல் படுத்திருப்பவரின் வயிற்றில் கை வையுங்கள், குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம்.

படி 2: கதையை வாங்குவது

"எப்ப வலி வந்தது?" என்று கேட்டால் "நேத்து ராத்திரிலேர்ந்துங்க" என்று பதில் வரும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "வலி வந்தப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேளுங்கள். "மோட்டார் போடக் கையைத் தூக்கினேன் சார், சுளீர்னு முதுகு வரைக்கும் போச்சு" என்று ஒருவர் அந்த நொடியைச் சுட்டிக்காட்டினால், ஈசிஜி எப்படி இருந்தாலும் நிமிர்ந்து உட்காருங்கள். மாரடைப்பு வலி பெரும்பாலும் சில நிமிடங்களில் கூடிக்கொண்டே போகும். ஆரம்பித்த நொடியிலேயே உச்சத்தில் இருக்கும் வலி என்றால் பெருந்தமனிக் கிழிசல், நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது), நுரையீரல் ரத்தக்கட்டி, உணவுக்குழாய்க் கிழிசல் போன்றவை.

அடுத்த கேள்வி: முதலில் வாந்தியா, முதலில் வலியா? இது ஒன்றே உணவுக்குழாய்க் கிழிசலைப் பிடித்துக்கொடுக்கும். பிறகு, மூச்சை இழுத்தால் கூடுகிறதா, விழுங்கினால் கூடுகிறதா, வலி இடம் மாறியதா, நடுவில் மயக்கம் வந்ததா, ஒரு கை காலாவது கொஞ்ச நேரம் மரத்ததா. நெஞ்சுவலியோடு கை கால் பலவீனம் சேர்ந்து வந்தால், இதயத்திலும் மூளையிலும் தனித்தனி நோய் என்று நினைப்பதற்கு முன் இரண்டுக்கும் ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியை நினைக்க வேண்டும்.

இதற்கு முன் நடந்ததைக் கேட்பதுதான் நம் ஊரில் அதிகம் பலன் தருகிறது. பிரசவம் ஆகி எத்தனை நாள்? காலில் மாவுக்கட்டு போட்டிருந்ததா? திருவிழாவுக்காக, கோயிலுக்குப் போவதற்காக நாள் தள்ளிப்போட மாத்திரை சாப்பிட்டாரா? இந்தக் கேள்வியை ஆண் டாக்டர் கேட்டால் பதில் வராது, நர்ஸைக் கேட்கச் சொல்லுங்கள். புளி உலுக்கவோ மாங்காய் பறிக்கவோ மரமேறி விழுந்தாரா? பொங்கலை ஒட்டிய நாட்களில் என்றால், எருது விடும் விழாவில் மாடு முட்டியதா? இளைஞர்கள் இதை வீட்டுக்குத் தெரியாமல் மறைத்து, மறுநாள் "நெஞ்சு வலிக்குது" என்று மட்டும் சொல்லி வருவார்கள். அது விலா முறிவோ, நுரையீரலில் கசியும் காற்றோ, இதயத் தசையில் விழுந்த அடியோ, எதுவாகவும் இருக்கலாம்.

கடைசியாக, இங்கே வருவதற்கு முன் என்ன கொடுத்தார்கள்? 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் 14 மாத்திரை கொடுக்கிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரல் 75 மி.கி. நான்கு, அட்டார்வாஸ்டாட்டின் 10 மி.கி. எட்டு. தொலைதூர மலை கிராமத்துக்கு நல்ல திட்டம். ஆனால் லோடிங் டோஸ் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்பதாலேயே நோய் மாரடைப்பு என்று முடிவாகிவிட்டதாக நினைக்கக் கூடாது. சீட்டில் 'ஏசிஎஸ்' (இதய ரத்தக்குழாய் அடைப்பு) என்று எழுதியிருந்தாலும் கதையை முதலிலிருந்து வாங்குங்கள்.

படி 3: ஈசிஜியை இரண்டாவது முறை படிப்பது

நார்மல் என்று மெஷின் அச்சடித்த வரியை நம்பாதீர்கள். அரிதானவற்றைத் தேடுவதற்கு முன், சாதாரண மாரடைப்பே மறைந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வி1 முதல் வி3 வரையுள்ள லீடுகளில் (நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி இணைப்புகளில்) எஸ்டி இறங்கி, ஆர் அலை உயர்ந்திருந்தால் முதுகுப் பக்கம் வி7, வி8, வி9 வைத்து எடுங்கள், பின்புற மாரடைப்பு அங்கே தெரியும். கீழ்ப்பக்க மாரடைப்பு என்றால் வலப்பக்கம் வி4 வைத்துப் பார்க்காமல் நைட்ரேட் (ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து) கொடுக்காதீர்கள். முன்பக்க லீடுகளில் எஸ்டி கீழிருந்து மேலேறி உயரமான டி அலையோடு சேர்ந்தால் அது டி வின்டர் வடிவம், அதையும் முன்பக்க ரத்தக்குழாய் அடைத்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். வலி நின்ற பிறகு வி2, வி3-இல் டி அலை தலைகீழானால் வெல்லன்ஸ், முன்பக்க ரத்தக்குழாய் அடைக்கப்போவதன் அறிகுறி. "வலி போயிடுச்சு டாக்டர்" என்று அவர் சிரித்துக்கொண்டே கிளம்பும் நேரம் அது. வலி இருக்கும்வரை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு ஈசிஜி.

எஸ்டி ஏறியது எல்லாம் மாரடைப்பும் ஆகாது. பெரிகார்டைட்டிஸில் ஏறக்குறைய எல்லா லீடுகளிலும் குழிந்த வடிவில் எஸ்டி ஏறும், பிஆர் இறங்கும், எதிர்ப்பக்க லீடுகளில் எஸ்டி இறக்கம் இருக்காது (ஏவிஆர், வி1 தவிர). மூன்றாம் லீடில் இரண்டாம் லீடைவிட அதிகம் ஏறியிருந்தாலோ, ஏவிஎல்-இல் எஸ்டி இறங்கியிருந்தாலோ அது பெரிகார்டைட்டிஸ் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. பொட்டாசியம் மிக அதிகமானாலும் எஸ்டி ஏறலாம். டயாலிசிஸ் செய்பவர் என்றால் முதலில் அதைப் பாருங்கள். நுரையீரல் ரத்தக்கட்டியில் பாடப்புத்தகத்தின் எஸ்1க்யூ3டி3-ஐத் தேடி ஏமாறாதீர்கள், பெரும்பாலும் வெறும் வேகமான துடிப்புதான் இருக்கும். வி1 முதல் வி4 வரையும் மூன்றாம் லீடிலும் ஒரே நேரத்தில் டி தலைகீழாக நின்றால் அது நல்ல துப்பு.

ட்ரோப் (ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை) பற்றி: மாரடைப்பு, நுரையீரல் ரத்தக்கட்டி, மயோகார்டைட்டிஸ் (இதயத் தசை அழற்சி), பெருந்தமனிக் கிழிசல், சிறுநீரகச் செயலிழப்பு, கடுமையான செப்சிஸ் (உடம்பெங்கும் பாதிக்கும் தொற்று) எல்லாவற்றிலும் அது ஏறும். இதயத் தசை அடிபட்டிருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், யார் அடித்தது என்று சொல்லாது. நம்மிடம் இருப்பது பழைய கார்டு டெஸ்ட் என்றால், வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் வரும் நெகட்டிவுக்கு மதிப்பே இல்லை. ஹார்ட் ஸ்கோர் (மாரடைப்பு வாய்ப்பைக் கணிக்கும் மதிப்பெண்) குறைவு என்பதும் இதே மாதிரிதான். மாரடைப்புக்கான வாய்ப்பு குறைவு என்பதற்கு மேல் அது ஒன்றும் சொல்வதில்லை. பெருந்தமனிக்கும் நுரையீரலுக்கும் அதில் கேள்வியே கிடையாது.

படி 4: ஸ்ட்ரெப்டோகைனேஸுக்கு முன் ஒரு நிமிடம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தவறான ஆளுக்குக் கொடுத்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. பெருந்தமனிக் கிழிசல் வலது கரோனரி குழாயின் வாய் வரை வந்தால் கீழ்ப்பக்க மாரடைப்பு போலவே ஈசிஜி காட்டும். எஸ்டி உண்மையிலேயே ஏறியிருக்கும், ட்ரோப் உண்மையிலேயே ஏறும். தவறு நம் முடிவில் மட்டும்தான் இருக்கும்.

மருந்து கலக்கச் சொன்ன பிறகு, அது வருவதற்குள் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். வலி முதுகின் நடுவில் கிழித்ததா? ஆரம்பத்திலேயே உச்சமா? இரு கை பிபி ஒன்றா, தொடை நாடிகள் சமமா? இடப்பக்க மார்பெலும்பு ஓரத்தில் புதிதாகக் கசிவுச் சத்தம் கேட்கிறதா? கை கால் மரத்ததா, மயங்கினாரா? மார்ஃபான் உடல்வாகு (ஒல்லியாக, உயரமாக, நீண்ட கை விரல்களோடு), குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம், தெரிந்த வால்வு நோய் ஏதாவது? இதில் ஒன்று ஆம் என்றாலும் சிடி ஆஞ்சியோகிராம் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்கும்வரை கரைக்கும் மருந்தும் ஹெப்பாரினும் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) வேண்டாம்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் மீடியாஸ்டினம் (இரு நுரையீரலுக்கும் நடுப்பகுதி) அகலமாக இல்லை என்பதை வைத்துக் கிழிசல் இல்லை என்று சொல்ல முடியாது. கிழிசல் வாய்ப்பைக் கணிக்கும் ஏடிடி ரிஸ்க் ஸ்கோர் மூன்று தலைப்புகள் கொண்டது: ஆபத்தான பின்னணி, வலியின் குணம், பரிசோதனையில் கண்டவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் 1 அல்லது அதற்குக் கீழே, டி-டைமரும் (ரத்தம் உறைந்து கரைவதைக் காட்டும் பரிசோதனை) 500 நானோகிராமுக்குக் கீழே என்றால் கிழிசல் இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று 2018-இல் வெளியான அட்வைஸ்டு ஆய்வு காட்டியது. ஸ்கோர் 2, 3 என்றால் டி-டைமருக்குக் காத்திருக்காதீர்கள், நேராக சிடி.

உறுதியானதும் அல்லது சந்தேகம் வலுத்ததும் வலிக்கு மார்ஃபின் அல்லது ஃபென்டனில், பிறகு லாபெட்டலால் 20 மி.கி. மெதுவாக நரம்பில். நாடி 60-க்குக் கீழே, மேல் பிபி 100-க்கும் 120-க்கும் நடுவே வர வேண்டும். நாடியைக் குறைக்காமல் பிபியை மட்டும் இறக்கும் மருந்தை முதலில் கொடுத்தால் நாடி ஏறிக் கிழிசல் கூடும், இந்த வரிசையை மாற்றாதீர்கள். இதயத்தை ஒட்டிய ஏ வகைக் கிழிசலில் முதல் இரண்டு நாட்களில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் வரை உயிரிழப்பு கூடிக்கொண்டே போகும். அறுவை சிகிச்சை உள்ள இடத்துக்குப் போகும் வழியில்தான் பாதி சிகிச்சையே.

கரைக்கும் மருந்து கெடுதல் செய்யக்கூடிய இன்னொரு ஆள்: பிரசவமாகிச் சில வாரமே ஆன, சர்க்கரையோ பிபியோ இல்லாத இளம் தாய், எஸ்டி ஏறிய ஈசிஜியோடு. கரோனரி குழாயின் சுவரே தானாகப் பிளந்திருக்கலாம். ஸ்கேட் என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். இவருக்குக் கட்டியைக் கரைப்பதைவிட ஆஞ்சியோ முக்கியம், உடனே இதய நிபுணரிடம் போனில் பேசுங்கள்.

படி 5: நுரையீரல் பக்கம்

கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பெயர் போன மாவட்டம். குவாரியிலும் கிரஷரிலும் வருடக்கணக்கில் தூசி மூச்சிழுத்தவரின் நுரையீரலில் சிலிக்கா படிகிறது, மேலே டிபியும் சேர்கிறது, பிறகு ஒருநாள் அந்த நுரையீரல் வெடித்துக் காற்று வெளியே வருகிறது. இவர்களுக்கு மூச்சுத்திணறல் தினப்படி விஷயம் என்பதால் புதிதாக வந்ததைத் தனியாகச் சொல்லமாட்டார்கள். "எப்பவும் வர்றதைவிட இன்னைக்கு வேற மாதிரி இருக்கா?" என்று கேட்டால்தான் வரும். பழைய டிபி சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பீடி பழக்கம் உள்ள முதியவர், ஒல்லியாக உயரமாக இருக்கும் கல்லூரிப் பையன், இந்த இருவரும் இதே வரிசைதான்.

பிபி சரிந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு பக்கம் சத்தம் கேட்காமல், தட்டினால் கணீரென்று ஒலித்தால் எக்ஸ்ரே அறைக்கு அனுப்பாதீர்கள். பெரியவர்களுக்கு நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஊசி, உடனே ஐசிடி (காற்றை வெளியேற்ற நெஞ்சில் வைக்கும் குழாய்). சின்ன கேனுலா உடம்பு பருத்தவர்களுக்கு உள்ளே எட்டாமல் போகும், விரலால் திறக்கத் தயங்காதீர்கள். அல்ட்ராசவுண்டில் நுரையீரல் சறுக்குவது தெரிந்தால் அந்த இடத்தில் காற்று இல்லை. இதைக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும்.

ரத்தக்கட்டியைப் பற்றி மேலே கேட்ட கேள்விகளே பாதி வேலை. வெல்ஸ் மதிப்பெண் (நுரையீரல் ரத்தக்கட்டி வாய்ப்பைக் கணிப்பது) குறைவாக இருந்தால் டி-டைமர். 50 வயதுக்கு மேல் வயதைப் பத்தால் பெருக்கி அதை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் அதிகம் என்றால் சிடி. பிபி சரிந்து சிடிக்குப் போக முடியாத நிலையில், எக்கோவில் வலது கீழறை இடதைவிடப் பெரிதாகத் தெரிந்தால், அது சிகிச்சை தொடங்கப் போதுமான காரணம். மாரடைப்பைத் தவிர்த்தால், இங்கே மட்டும் கரைக்கும் மருந்து உயிர்காக்கும்.

படி 6: உணவுக்குழாய், கல்லீரல், இதய உறை

குடித்துவிட்டு ஓயாமல் வாந்தி எடுத்தவர், கடைசி வாந்தியோடு நெஞ்சில் வெடித்தது போல் வலி, கழுத்துத் தோலில் நறநறப்பு. இது உணவுக்குழாய் கிழிந்த போயர்ஹாவே நோய். 1724-இல் ஹாலந்து மருத்துவர் ஹெர்மன் போயர்ஹாவே ஒரு கடற்படைத் தளபதியின் மரணத்தை விவரித்து எழுதியதிலிருந்து இந்தப் பெயர். இவர்களுக்கு வாய்வழி ஆன்டாசிட் கொடுத்துப் பார்ப்பது மிக மோசமான சோதனை. கொடுத்த திரவம் நேராக நெஞ்சுக்கூட்டுக்குள் போகும். இடப்பக்கம் நீர் கோத்த எக்ஸ்ரே, கான்ட்ராஸ்ட் சிடி, நரம்புவழி ஆன்டிபயாட்டிக், அறுவை மருத்துவர். 24 மணி நேரம் தாண்டினால் கதை மாறிவிடும். ஆன்டாசிட்டில் வலி குறைந்தால் கேஸ், நைட்ரேட்டில் குறைந்தால் இதயம் என்ற கணக்கும் தப்பு. உணவுக்குழாய் இறுக்கமும் நைட்ரேட்டில் இளகும்.

வலது கீழ் நெஞ்சு வலி, வலது தோள்முனை வலி, காய்ச்சல், குடிப்பழக்கம் என்றால் அமீபா கல்லீரல் சீழ்க்கட்டி. விலா இடைவெளியில் விரலை வைத்து அழுத்தினால் துள்ளுவார்கள். எக்ஸ்ரேயில் வலது உதரவிதானம் மேலேறி நிற்கும். பெரும்பாலும் இதை நிமோனியா என்று ஊசி போட்டுக்கொண்டிருப்போம். இடது மடல் கட்டி என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அது இதய உறைக்குள் உடையக்கூடும். வயிற்று ஸ்கேன் ஒன்று போதும். மெட்ரோனிடசோலைத் தாமதிக்க வேண்டாம்.

இதய உறையில் நீர் சேர்வதற்கு நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது டிபி. மெதுவாகச் சேர்ந்த நீர் லிட்டர் கணக்கில்கூட இருக்கும், நோயாளி நடந்தே வருவார். ஈசிஜியில் அலைகள் குட்டையாகி, ஒன்றுவிட்டு ஒன்று உயரம் மாறும். கால் வீக்கத்தைப் பார்த்து ஃப்ரூசமைடு (சிறுநீராக நீரை வெளியேற்றும் மருந்து) கொடுத்தால் இருக்கும் பிபியும் போய்விடும். நீர் ஏற்றி, உறையிலிருந்து நீரை எடுக்க வேண்டும்.

படி 7: நம் மண்ணுக்கு உரியவை

செந்தேள். கொட்டியதை எல்லோரும் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். குழந்தை அழுதுகொண்டே வரும், பெரியவர் விறகு அடுக்கும்போது ஏதோ கடித்தது என்பார். வியர்வையில் குளித்து, கை கால் சில்லிட்டு, பிபி ஏறி, பிறகு நுரை தள்ளும் மூச்சுத்திணறல். ஈசிஜியில் எஸ்டி ஏறலாம், ட்ரோப் ஏறும், ஆனால் குழாய் எதுவும் அடைத்திருக்காது. கரைக்கும் மருந்து தேவையே இல்லை. மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் வேலை செய்த டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் 1980-களில் பிரசோசினைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த மரணங்கள் குறைந்தன. பெரிய நகரத்தில் இல்லாமல் கிராமத்தில் பார்த்துக் கண்டுபிடித்த மருத்துவம் இது என்பது எனக்கு எப்போதும் பிடித்த விஷயம். குழந்தைகளுக்கு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், கை கால் சூடேறும்வரை மூன்று மணிக்கொருமுறை. சாதாரண மாத்திரைதான் வேண்டும், மெதுவாகக் கரையும் எக்ஸ்எல் மாத்திரை உதவாது. முதல் டோஸுக்குப் பிறகு எழுந்து உட்கார விடாதீர்கள்.

மலைத்தேனீ, குளவி. ஒகேனக்கல், பென்னாகரம் காட்டுப்பக்கம் கொட்டு வாங்கி, உடம்பெல்லாம் தடித்து, நெஞ்சுவலியும் எஸ்டி ஏற்றமும் சேர்ந்து வருவார்கள். ஒவ்வாமையால் கரோனரி குழாயே இறுகும் இதற்குக் கவுனிஸ் சிண்ட்ரோம் என்று பெயர், 1991-இல் விவரிக்கப்பட்டது. டைக்ளோ ஊசிக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் இதே விளைவு வரலாம். அதனால், நெஞ்சுவலிக்கு வெளியே ஊசி போட்ட பிறகு வலி கூடியது என்று யாராவது சொன்னால் காதில் வாங்குங்கள். பிபி சரிந்த முழு அனஃபிலாக்ஸிஸ் (உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) என்றால் ஈசிஜியைப் பார்த்து அட்ரினலினுக்குத் தயங்க வேண்டாம். தொடையில் 0.5 மி.கி.

அரளி. நெஞ்சு படபடப்பு, வாந்தி, மெதுவான நாடி, ஈசிஜியில் ஏவி பிளாக் (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு தடைபடுவது) உள்ள இளைஞரிடமோ இளம்பெண்ணிடமோ, உறவினரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். "கண்ணு, ஏதாச்சும் அரைச்சுக் குடிச்சியா? எங்கிட்ட சொல்லு, வைத்தியம் பண்ணத்தான் கேக்கிறேன்." பொட்டாசியம் பாருங்கள், பேஸ்மேக்கர் வசதியுள்ள இடத்துக்கு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

காய்ச்சல் வந்து சில நாளில் நெஞ்சுவலி என்றால் மயோகார்டைட்டிஸ். டெங்குவிலும் வரும், ஸ்க்ரப் டைஃபஸிலும் (சிறு உண்ணி கடித்து வரும் காய்ச்சல்) வரும். அக்குள், தொடையிடுக்கு, உள்ளாடை மடிப்பு என்று கருகிய புண்ணைத் தேடுங்கள். கிடைத்தால் டாக்ஸிசைக்ளின்.

அப்புறம் ஃபுளூரைடு. இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளூரைடு லிட்டருக்கு 1.5 மி.கி. என்ற எல்லையைத் தாண்டியிருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. பல ஆண்டு அந்தத் தண்ணீரைக் குடித்த பெரியவர்களுக்கு முதுகெலும்பு விறைத்து, விலா மூட்டுகள் இறுகி, நெஞ்சு விரிவது குறைந்து, தினமும் மாரிலும் முதுகிலும் வலி இருக்கும். பல்லில் பழுப்புக் கோடுகள், எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு போல் வெளுத்த எலும்பு. இதைக் கண்டுபிடிப்பது எளிது, கண்டுபிடித்ததும் அங்கேயே நின்றுவிடுவதும் எளிது. வருடக்கணக்கான வலிக்கு ஃபுளூரோசிஸ் காரணமாகலாம், இன்று காலை ஆறு மணிக்குத் தொடங்கிய வலிக்கு ஆகாது. அழுத்தினால் வலிக்கிறது என்பதற்கும் இதே கணக்கு. தசை வலி இருப்பவருக்கும் மாரடைப்பு வரும்.

படி 8: பெண்கள் சொல்லும் வலி

எழவு வீட்டிலிருந்து ஐம்பது, அறுபது வயது அம்மா ஒருவரைத் தூக்கி வருவார்கள். "அழுது அழுது இப்படி ஆயிட்டாங்க" என்பார்கள். எஸ்டி ஏறியிருக்கும், எக்கோவில் இதயத்தின் நுனி பலூன் மாதிரி உப்பியிருக்கும். 1990-இல் ஜப்பானில் பெயரிடப்பட்ட டகோட்சுபோ இது. ஆனால் ஆஞ்சியோ பார்க்காமல் டகோட்சுபோ என்று எழுதுவது ஆபத்து. துக்கத்தில் உண்மையான மாரடைப்பும் வரும். பதற்றம் என்று எழுதி அனுப்புவது அதைவிட மோசம். பதற்றம் என்பது மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் எழுத வேண்டிய சொல்.

படி 9: ரெஃபர் செய்வது

இங்கிருந்து சேலமோ பெங்களூருவோ, எதுவானாலும் என்எச் 44-தான். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் கணக்கெல்லாம் மாறிவிடும். அதனால் வண்டி ஏறும் முன் முடிக்க வேண்டியதை முடித்துவிடுங்கள். நியூமோதோராக்ஸுக்கு ஐசிடி போட்டு, அது வேலை செய்கிறதா என்று பார்த்தபின் அனுப்புங்கள். டிசெக்‌ஷனுக்கு (பெருந்தமனிக் கிழிசலுக்கு) லாபெட்டலால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கூடப் போகும் நர்ஸுக்கு எந்த பிபியில் நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். எந்த மருத்துவமனையில் இரவில் சிடி ஆஞ்சியோ எடுக்கிறார்கள், எங்கே நெஞ்சறுவை மருத்துவர் இருக்கிறார் என்பதை டூட்டி ரூம் சுவரில் இப்போதே ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெஃபரல் சீட்டில் 'நெஞ்சுவலி, உயர் சிகிச்சைக்காக' என்ற வரி யாருக்கும் உதவாது. வலி தொடங்கிய நேரம், இரு கை பிபி, எடுத்த ஈசிஜிகள் எல்லாம் நேரத்தோடு, கொடுத்த மருந்து, கொடுக்காமல் விட்ட மருந்து, ஏன் விட்டீர்கள் என்பது. 'கதை பெருந்தமனிக் கிழிசலை ஒத்திருப்பதால் ஹெப்பாரின் கொடுக்கவில்லை' என்று நீங்கள் எழுதிய ஒரு வரி, அடுத்த மருத்துவமனையில் ஈசிஜியை மட்டும் பார்க்கும் டாக்டரின் கையைத் தடுத்து நிறுத்தும்.

படி 10: வீட்டுக்கு அனுப்புவது

அனுப்பலாம், நிறையப் பேரை அனுப்பத்தான் வேண்டும். இரண்டாவது ஈசிஜி மாறவில்லை, சரியான நேரத்தில் எடுத்த ட்ரோப் ஏறவில்லை, மூச்சும் நாடியும் இயல்பு, இரு கை பிபி ஒன்று, நடக்கவிட்டுப் பார்த்தாலும் ஆக்சிஜன் இறங்கவில்லை என்றால் அனுப்புங்கள். கடைசியாகச் சொன்ன நடைச் சோதனையை விடாதீர்கள். படுத்திருக்கும்போது 97 காட்டிய ஆக்சிஜன், வார்டு வராண்டாவில் ஒரு சுற்று நடந்ததும் 88 ஆனால், அவரைத் திரும்பப் படுக்க வைத்து ரத்தக்கட்டிக்கான கேள்விகளை முதலிலிருந்து கேளுங்கள்.

சீட்டில் 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்று எழுதாமல் 'நெஞ்சுவலி, காரணம் இன்னும் உறுதியாகவில்லை' என்று எழுதுங்கள். கேஸ் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்தமுறை வலி வரும்போது அவர் மருத்துவமனைக்கு வரமாட்டார், சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வார். கூட வந்தவரைக் கூப்பிட்டு, வலி மறுபடி வந்தாலோ, மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். ஈசிஜி நகலை அவர் கையிலேயே கொடுத்து, அடுத்தமுறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதை எடுத்துப் போகச் சொல்லுங்கள்.